நாற்பது ரூபாய் ஸ்டாப்பரும் எட்டாயிரம் ரூபாய்ச் செலவும்

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, பெங்களூர் அல்சூரில் உள்ள எங்கள் அடுக்ககத்தின் அடித்தளத்தில் காரின் சாவியைத் திருப்பியபோது, ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து அடங்கியது. பன்னிரண்டு வயதான சிறிய கார் அது. கியரை நாமே மாற்றி ஓட்டும் வகை. பேட்டரி வாங்கி இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மனைவியும் மகளும் கிருஷ்ணகிரியில் மாமனார் வீட்டில் இருந்ததால், யோசனை கேட்கவும் ஆறுதல் சொல்லவும் ஆள் இல்லாத வாரம். காரைச் சரிசெய்து முடிப்பதற்குள் என் கையைவிட்டுப் போனது 7,980 ரூபாயும் இரண்டு அரை நாள் விடுப்பும்; கடைசியில் கோளாறு என்று தெரிந்தது, விரல் நுனி அளவுள்ள, நாற்பது ரூபாய் விலையுள்ள, பிரேக் பெடலில் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டாப்பர். யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா என்று அப்போது பல தடவை நினைத்தேன். அதனாலேயே இதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் தடயம் உண்மையில் ஞாயிற்றுக்கிழமையே கிடைத்தது. அன்று மாலை காரின் உட்புறத்தைச் சுத்தம் செய்தபோது, ஓட்டுநர் இருக்கையின் கீழ் விரிப்பில், மங்கிய பச்சை நிறத்தில் நான்கைந்து பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. ஒன்றை எடுத்து அழுத்தினேன்; காய்ந்த வெல்லத் தூள்போல உதிர்ந்தது. மகளின் கிரயான் துண்டு என்று எண்ணி, எல்லாவற்றையும் தூசி உறிஞ்சியில் இழுத்துக் கொட்டிவிட்டேன். பெடல்களுக்குக் கீழே கிடக்கும் எந்தத் துணுக்கும் அங்கே தானாக வருவதில்லை, மேலே எங்கிருந்தோதான் விழுந்திருக்க வேண்டும் என்னும் எளிய கணக்கு அப்போது எனக்குத் தோன்றவில்லை. உங்கள் காரின் ஓட்டுநர் பக்க விரிப்பில் அப்படி ஏதேனும் கண்டால் தூக்கி எறியாமல் ஒரு காகிதத்தில் மடித்து வையுங்கள். கடைக்காரரிடம் காட்டவாவது உதவும்.

திங்கட்கிழமை காலை, தெருவில் உள்ள ஒருவரை அழைத்து வந்து, வேறொரு பேட்டரியிலிருந்து கம்பி இணைத்து வண்டியைக் கிளப்பியதற்கு 500 ரூபாய். அப்படியே பேட்டரிக் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்து, பேட்டரி முழுவதும் இறங்கிவிட்டது, மாற்றிவிடுவதே நல்லது என்றார். பழையதைக் கொடுத்ததுபோக 4,600 ரூபாய் கொடுத்துப் புதியது பொருத்திக்கொண்டேன். அங்கேதான் என் முதல் தவறு. இறங்கிப்போன பேட்டரியும் கெட்டுப்போன பேட்டரியும் ஒன்றல்ல. நல்ல பேட்டரி முழுதாக ஏறியிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் அதில் சரக்கு இல்லை என்றுதான் பொருள். ஒரு நாள் சார்ஜில் போட்டு, பிறகு சோதித்துப் பார்த்திருந்தால், என் பழைய பேட்டரி இன்னும் ஓராண்டாவது உழைத்திருக்கும் என்பது என் ஊகம். ‘இறங்கியது ஏன்?’ என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை புதிய பேட்டரியும் அதே ‘டிக்’. எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. கடைக்காரர் ஒரு பையனை அனுப்பினார்; அவன் வண்டியைக் கிளப்பி, எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட் வருவதைக் காட்டி, சார்ஜ் ஏறுவதில் குறை இல்லை, வேறு எங்கோ மின்சாரம் போகிறது என்று சொல்லிவிட்டுப் போனான். அது சரியான பேச்சு. நான் வழக்கமாக விடும் பணிமனைக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். வயரிங் முழுவதையும் பார்க்க மூன்று நாள் வண்டியை விட வேண்டும், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்ற நேர்ந்தால் 14,000 ரூபாய்வரை ஆகலாம் என்றார்கள். வண்டியைப் பார்க்காமலே சொல்லப்பட்ட அந்தத் தொகை என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை.

புதன்கிழமை அதிகாலையில் கோளாற்றைக் கண்டுபிடித்துச் சொன்னவர் எங்கள் காவலாளி. திருப்பத்தூர்க்காரர். நான் மறுபடியும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, “சார், உங்க வண்டிக்குப் பின்னாடி சுவரு ரெண்டு நாளா ராத்திரி பூரா செவப்பா இருக்குது. கார்த்திகைக்குக் கலர் லைட்டு போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்” என்றார். நான் வண்டியைப் பின்புறமாக ஓட்டிச் சுவரை ஒட்டி நிறுத்துபவன். முன்பக்கமாக இறங்கி மின்தூக்கிக்குப் போய்விடுவேன். பின்னால் சென்று பார்த்தபோது, சாவி என் சட்டைப்பையில் இருக்க, மூன்று பிரேக் விளக்குகளும், இருந்த கொஞ்ச மின்சாரத்தில், அணையப்போகும் கரித்துண்டுபோல மங்கிச் சிவந்து எரிந்துகொண்டிருந்தன.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான கார்களில் பிரேக் விளக்குக்கான மின்சாரம் சாவியைக் கடந்து வருவதில்லை. பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ் வழியாக நேராக வருகிறது. சாவி இல்லாமல் பிரேக்கை மிதித்தாலும் விளக்கு எரிவது இதனால்தான். பின்னால் இருக்கும் இரண்டு பல்புகளும் தலா 21 வாட். இரண்டும் சேர்ந்து 42 வாட், அதாவது 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். மேலே உள்ள மூன்றாவது விளக்கு தனி. என் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. பத்து மணி நேரம் எரிந்தால் கதை முடிந்தது. இரவு எட்டு மணிக்கு நிறுத்தி காலை ஏழு மணிக்கு எடுப்பவனுக்கு இந்தக் கணக்கு மிகக் கச்சிதமாகப் பொருந்தியது.

விளக்கை அணைக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஃபியூஸ் பெட்டியின் மூடியைப் பார்த்து, ‘ஸ்டாப், ஹாரன்’ என்று எழுதியிருந்த ஃபியூஸைப் பிடுங்கினேன். விளக்கு அணைந்தது, கூடவே ஹாரனும் போனது. இரவில் நிறுத்தும்போது மட்டும் ஃபியூஸை எடுத்துவிட்டுக் காலையில் திரும்பச் செருகியிருந்தால் அது புத்திசாலித்தனம். நானோ, விளக்கு ஓயாமல் எரிந்தால் பின்னால் வருபவர் குழம்புவார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, ஃபியூஸ் இல்லாமலே அன்றும் அடுத்த இரண்டு நாளும் ஓட்டினேன். பெங்களூரில் ஹாரன் இல்லாமல் மூன்று நாள் ஓட்டியவன் பொறுமைக்கு வேறு பயிற்சி எடுக்க வேண்டியதில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாலை தொம்லூர் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது நான் பிரேக் போட்டது தெரியாமல், பின்னால் வந்த ஆட்டோ ஒரு சாண் இடைவெளியில் கிறீச்சிட்டு நின்றது. ஓட்டுநர் பக்கவாட்டில் வந்து கண்ணாடியைத் தட்டி, “பிரேக் லைட் பர்தா இல்ல சார், நோட்கொள்ளி” என்றார். பிரேக் விளக்கு வரவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

சனிக்கிழமை காலை, சாலையோரத்தில் வேலை செய்யும் எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். அவர் டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு, “ஸ்விட்ச்சு முட்டுற எடத்துல ஸ்டாப்பர் இல்லண்ணே” என்றார். மிதித்தால் பிரேக் விளக்கை எரியவைக்கும் சுவிட்ச்சு அது; பெடலின் தண்டில் அது முட்டும் இடத்தில் இருக்க வேண்டியது ஸ்டாப்பர். நோயை அவர் சரியாகவே சொன்னார், மருந்துதான் பிழை. சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டை வெட்டி, நான்காக மடித்து, ஸ்டாப்பர் இருந்த துளையின் மேல் ஒட்டி, விளக்கு அணையும்வரை சுவிட்ச்சை உள்ளே திருகினார். பத்து நிமிட வேலை, 300 ரூபாய். விளக்கு அணைந்தது, மிதித்தால் எரிந்தது, ஹாரன் ஒலித்தது. நான் நன்றி சொல்லிவிட்டு, அப்படியே மனைவியையும் மகளையும் அழைத்துவரக் கிருஷ்ணகிரிக்குப் புறப்பட்டேன்.

சில்க் போர்டு நெரிசலில் எதுவும் தெரியவில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறி வேகம் பிடித்தபோதுதான், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி வழக்கத்தைவிடச் சீக்கிரம் தளர்வதாக உணர்ந்தேன். பிரேக் பெடலும் சற்று விறைப்பாக, தொட்டவுடன் பிடிப்பதாக இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று மகிழ்ந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்திப்பள்ளியைத் தாண்டி, ஓசூரையும் கடந்து, சூளகிரியை நெருங்கும்போது உள்ளே கருகல் நாற்றம் வந்தது. ஓரமாக நிறுத்தி இறங்கினால், முன்சக்கரங்கள் இரண்டிலிருந்தும் அனல் அடித்தது. கையை ஒரு சாண் தூரத்தில்கூட வைக்க முடியவில்லை.

அருகே ஒரு பஞ்சர் கடை இருந்தது என் அதிர்ஷ்டம். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தின் மேல் ஊற்றப் போனபோது, கடையிலிருந்த பெரியவர் ஓடி வந்து தடுத்தார். சூடேறிக் கிடக்கும் டிஸ்க்கின் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டின்) மேல் குளிர்ந்த நீர் பட்டால் அது கோணிப்போகவோ விரிசல் விடவோ கூடும். தானாக ஆறவிடுவதே முறை. பிறகு அவர் கேட்ட கேள்விதான் எனக்குப் பெரிய பாடம். “தம்பி, ஒரு வீல் மட்டும் சூடா, ரெண்டும் சூடா?” இரண்டும்தான் என்றேன். “ஒண்ணு மட்டும்னா வீல்ல கோளாறு. ரெண்டும் ஒரே மாதிரின்னா பெடல்கிட்ட பாரு” என்றார். கடைசியாகப் பிரேக்கில் கை வைத்தது யார் என்று அடுத்துக் கேட்டார்; நான் காலையில் நடந்ததைச் சொன்னேன். வண்டி ஆறும்வரை முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ஜாக்கி வைத்து முன்சக்கரம் ஒன்றைத் தூக்கி, கையால் சுழற்றச் சொன்னார், அசையவில்லை. உள்ளே குனிந்து சுவிட்ச்சை அசையாமல் பிடித்திருக்கும் லாக் நட்டை ஸ்பேனரால் தளர்த்தி, சுவிட்ச்சை மூன்று சுற்று பின்னால் இழுத்தார். சக்கரம் விர்ரென்று சுழன்றது.

நடந்தது இதுதான். சுவிட்ச்சின் முனையில் பிளஞ்சர் என்னும் சிறிய ஊசி ஒன்று நீண்டிருக்கும். பெடல் ஓய்வில் இருக்கும்போது, அதன் தண்டிலுள்ள ஸ்டாப்பர் அந்த ஊசியை உள்ளே அழுத்தி வைத்திருக்கும்; விளக்கு அணைந்திருக்கும். மிதித்தால் தண்டு விலகும், ஊசி வெளியே வரும், விளக்கு எரியும். என் காரில் ஸ்டாப்பர் அந்தப் பச்சைத் துணுக்குகளாகப் பொடிந்துவிட்டதால், ஊசி அந்தத் துளைக்குள்ளேயே நுழைந்து நீட்டிக்கொண்டிருந்தது. ஆகவே கார் எப்போதும் மிதிபட்டிருப்பதாகவே நினைத்துக்கொண்டது. எலெக்ட்ரீஷியன் வைத்த டியூப் ரப்பர் மெத்தென்று இருந்ததால் ஊசிக்கு வழிவிட்டது. விளக்கு அணையும்வரை திருகியதில், சுவிட்ச்சின் மரையுள்ள உடலே பெடலைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்துவிட்டது. பெடல் முழுமையாகத் திரும்பாவிட்டால், பெடல் அழுத்தும் உருளையான மாஸ்டர் சிலிண்டரில் பிரேக் ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை திறப்பதில்லை. ஆயில் சூடாகி விரியும். போக இடம் இல்லாமல், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளை மேலும் இறுக்கும். இறுக்கத்தால் மேலும் சூடாகும். ஓசூர்வரை தெரியாமல் இருந்தது சூளகிரியில் நாற்றமாக வெளிப்பட்டதன் காரணம் இதுதான். விளக்கு அணைந்துவிட்டது என்பதற்காக வேலை முடிந்துவிட்டதாக ஒருபோதும் நினைக்காதீர்கள். பெடலுக்கு அதன் தளர்வு இருக்கிறதா என்பதையும் பார்த்தே ஆக வேண்டும். எஞ்சினை அணைத்து, பிரேக்கை ஐந்தாறு தடவை மிதித்துவிட்டு, விரலால் பெடலை மெல்ல அழுத்தினால், உண்மையான எதிர்ப்பு வருவதற்கு முன் சில மில்லிமீட்டர் வெறுமனே அசைய வேண்டும். என் காரில் அன்று அது அறவே இல்லை.

பெரியவர் ரப்பரைப் பிய்த்து எறிந்துவிட்டு, தட்டையான தலை கொண்ட ஒரு போல்ட்டைத் துளையில் மாட்டி, மறுபக்கம் நட்டை இறுக்கினார். அதன் தலை சுவிட்ச்சின் ஊசியை நேராக அழுத்தியது. கிருஷ்ணகிரி போய் பெங்களூர் திரும்பும்வரை அந்தப் போல்ட்தான் எங்களைக் காப்பாற்றியது. வற்புறுத்திக் கொடுத்த 100 ரூபாயை வாங்கிக்கொண்டார். ஊர் திரும்பியபின் பேடுகளைக் கழற்றிப் பார்த்தபோது கண்ணாடிபோலப் பளபளத்து இறுகியிருந்தன. மாற்றியதற்குக் கூலியுடன் 2,400 ரூபாய்.

அடுத்த வாரம், வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டுக்குப் போனேன். முதல் இரண்டு கடைகளில், சுவிட்ச்சையே முழுதாக மாற்றச் சொன்னார்கள். சுவிட்ச்சு நன்றாக இருக்கிறது, தண்டில் மாட்டும் ஸ்டாப்பர் மட்டும் வேண்டும் என்று மூன்றாவது கடையில் விளக்கியபோது, மாதிரி இருக்கிறதா என்று கேட்டார்கள். மாதிரியைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமையே குப்பையில் கொட்டியிருந்தேனே! கடைக்காரரே வழி சொன்னார்: என் வகைக் காரில் கிளட்ச் பெடலிலும் அதே ஸ்டாப்பர்தான். வாசலில் நின்ற வண்டிக்குள் குனிந்து அதைக் கழற்ற முயன்றேன். விரல் பட்டதும் அதுவும் பச்சைத் தூளாக உதிர்ந்தது. இரண்டும் ஒரே வயது, ஒரே வெயிலைக் கண்டவை. ஆகவே வாங்கும்போது இரண்டாக வாங்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து 80 ரூபாய்.

பொருத்தும் வேலையை நானே செய்தேன். ஓட்டுநர் இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளி, மல்லாந்து படுத்து, தலையைப் பெடல்களுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். அந்தக் கோலத்தை யாரும் பார்க்காத நேரமாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. கைபேசி வெளிச்சத்தில், நடுவில் உள்ள பிரேக் பெடலின் தண்டைக் கீழிருந்து மேலே கண்ணால் தொடர்ந்து போங்கள். இடப்பக்கம் உள்ள கிளட்ச்சிலும் சில கார்களில் இதே தோற்றத்தில் ஒரு சுவிட்ச்சு உண்டு. அதைத் தொட்டுவிடக் கூடாது. பிரேக் தண்டு அச்சில் மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் பருமனில், பின்னால் வயர் இணைப்புடன், ஒரு தகட்டில் மரையுடன் பொருத்தப்பட்டிருப்பதே நாம் தேடுவது. புதிய ஸ்டாப்பரைத் துளையில் வைத்து அழுத்தினால் ‘டப்’ என்று உட்காரும். பிறகு வயர் இணைப்பைக் கழற்றுங்கள்; கழற்றாமல் சுவிட்ச்சைச் சுழற்றினால் வயர் முறுக்கிக்கொள்ளும். லாக் நட்டைத் தளர்த்தி, ஊசி முழுவதும் உள்ளே போய், மரையின் முனை ஸ்டாப்பரைத் தொடும்வரை கையால் திருகி, தொட்டதும் முக்கால் சுற்று பின்வாங்கினேன். என் காரில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியைத் தந்தது. உங்கள் காரின் அளவை அதற்குரிய கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது சுவிட்ச்சும் சேர்ந்து சுழலப் பார்க்கும், ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் முதல் தடவை பிடிக்கவில்லை, மறுபடியும் முதலிலிருந்து செய்தேன். புதிய கார்கள் பலவற்றில் மரையும் நட்டும் இல்லாமல், செருகிக் கொஞ்சம் திருப்பினால் தானே அளவு பிடித்துக்கொள்ளும் சுவிட்ச்சு வருகிறது. அதை நம் விருப்பத்துக்குத் திருகிச் சரிசெய்ய முயலக் கூடாது.

இதன் எதிர்ப்பக்கமும் உண்டு. ஒரே ஒரு பிரேக் விளக்கு மட்டும் எரியாவிட்டால் பல்பையும் அதன் எர்த் கம்பியையும் (மின்சாரம் திரும்பும் வழி) பாருங்கள்; மூன்றும் ஒருசேர எரியாவிட்டால் முதலில் ஃபியூஸ், பிறகு சுவிட்ச்சு. தானியங்கி கியர் உள்ள வண்டிகளில் இந்தச் சுவிட்ச்சு வேலை செய்யாவிட்டால், நிறுத்தும் நிலையிலிருந்து கியர் நகர மறுக்கலாம். பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டி கிளம்பவே மறுக்கலாம். அலுவலக நண்பர் ஒருவர் அப்படித்தான் சாவியின் சிறு பேட்டரியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்திருக்கிறார்.

தனியாக இருப்பவருக்கு, பிரேக் விளக்கைச் சோதிக்க ஆள் தேவையில்லை. பின்னால் ஒரு செங்கல்லின் மேல் கைபேசியைச் சாய்த்துப் படம் பிடிக்க விட்டு, உள்ளே போய் மெதுவாக மிதித்து, மெதுவாக விட்டேன். பெடல் தன் தளர்வைத் தாண்டும்போதே மூன்றும் எரிந்து, காலை எடுத்ததும் அணைந்தன. பிறகு அடுக்ககத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, சக்கரங்களின் அருகே கையை வைத்துப் பார்த்தேன். இருபுறமும் வெதுவெதுப்புதான். அன்றிரவு பத்து மணிக்கு மறுபடியும் கீழே இறங்கிப் போய், காரின் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். அடுத்த நான்கு இரவுகளும் அப்படியே போய்ப் பார்த்தேன்.